கோயில்காளையை விலைக்குக் கேட்டவர்

எங்கள் கோயில்காளைக்குக் கொம்பு கிடையாது, வால் கிடையாது, சாணியும் போடாது. ஆனால் அது இலுப்பூரில் ஒரு தும்மல் போட்டால் ஏழு மாவட்டத்துக் கிணறுகள் தளும்பும். நான் எதையும் கூட்டிச் சொல்வேன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எல்லாம் பொறாமை. தொலைபேசி இலாகாவில் ஓய்வு பெற்ற பொம்பிளை கோயில் குளம் என்று சுற்றாமல், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து குவைத்தில் இருப்பவனைத் திட்டிக்கொண்டிருந்தால் வேறு எப்படிப் பேசுவார்கள்?

விஷயம் இதுதான். வயக்காட்டு மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டரோடு ஒரு பெட்டி மாட்டியிருப்பார்கள். உள்ளே ஒரு சிம் கார்டு. மும்முனை மின்சாரம் எந்நேரம் வரும் என்பது அந்த மின்சாரத்துக்கே தெரியாது. வந்தவுடன் பெட்டி நமக்குப் போன் போட்டுச் சொல்லும். நாம் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டாரைப் போட்டுவிடும். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் பாம்போடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டியதில்லை. பெட்டியின் சில்லுக்குள் எழுதி வைத்திருக்கும் நிரலைப் படித்தவர்கள் ஃபர்ம்வேர் என்பார்கள். எங்கள் ஆட்கள் ‘உசுரு’ என்பார்கள்.

பெட்டியை விற்றது வருணராஜா என்றொரு கம்பெனி. வாங்கும்போது ஒரு தடவை காசு கொடுத்தால் போதும் என்றார்கள். பிறகு, வருடா வருடம் சந்தா கட்டினால்தான் பெட்டி பேசும் என்றார்கள். உடம்பை விற்றுவிட்டு உசுரை வாடகைக்கு விடுகிற வியாபாரத்தை எமனே கேள்விப்பட்டிருக்க மாட்டான். எனக்கு வந்த கோபத்தில் வீட்டு ஓடு நாலு தெறித்து விழுந்தது. குழு ஒன்று சேர்த்தேன். அவர்கள் சரக்கில் ஒரு வரியைக்கூடத் தொடாமல் நாங்களே புது உசுரு எழுதினோம். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம், திருத்தியதை ஊருக்கும் கொடுத்துவிட வேண்டும். அதற்கு வைத்த பெயர்தான் கோயில்காளை.

எனக்கு நிரல் எழுத அவ்வளவாக வராது. என் வேலை ஆள் மேய்ப்பது. சம்பளம் வாங்குகிறவனை அதட்டலாம், வாங்காதவனை என்ன செய்வது? ஆரம்பத்தில் இலாகாப் பழக்கத்தில் ‘உடனடியாக விளக்கம் அளிக்கவும்’ என்று எழுதிவிட்டேன். பாதிக் குழு காணாமல் போயிற்று. அன்றிலிருந்து “சாப்பிட்டியாப்பா?” என்றுதான் தொடங்குவேன். சாப்பிட்டேன் என்று பதில் வந்ததும், “அப்ப தெம்பா இருப்ப, அந்தப் பிழையத் திருத்து” என்பேன்.

எத்தனை பிழை! தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்கிற பதிவுக் குரல் எல்லா நம்பருக்கும் போன் போட்டது, பெட்டிகளின் நம்பருக்கும் சேர்த்து. அழைப்பு வந்ததென்று பெட்டிகள் மோட்டாரைப் போட்டுவிட்டன. அன்றைக்கு வேட்பாளர் பெயரைச் சொல்லிப் பாய்ந்த தண்ணீரில் மாவட்டமே மிதந்தது, மாடுகள் நீந்திப் போய்ப் புல் மேய்ந்தன. தெரிந்த நம்பருக்கு மட்டும் கீழ்ப்படி என்று திருத்தி எழுதியவன் நல்லதம்பி. அறந்தாங்கிப் பையன், குவைத்தில் எலக்ட்ரீசியன். அவன் எழுதியதை வரி வரியாகச் சரிபார்ப்பவர் பெரியகருப்பன். திருமயம் பக்கத்துக்காரர், சென்னையில் ஒரு வங்கியில் கணினி வேலை. ஒரு காற்புள்ளி தப்பினாலும் அவருக்குச் சோறு இறங்காது.

இவர்கள் இருவரும் ஒரு சொல்லுக்காக மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். பெட்டி போனில் என்ன சொல்ல வேண்டும்? “மோட்டார் இயங்குகிறது” என்றார் பெரியகருப்பன். “மோட்டார் ஓடுது” என்றான் நல்லதம்பி. வல்லத்திராக்கோட்டைப் பொற்கொடி, கடலை போடுகிற விவசாயி, எங்கள் சோதனைக்காரி, குரல் பதிவில் வந்து விழுந்தாள்.

“மோட்டாரு எங்கிட்டுய்யா ஓடும்? களவாண்டுட்டுப் போனாத்தேன் ஓடும். எனக்குத் தண்ணி வருதான்னு சொல்லச் சொல்லுங்க.”

மோட்டார் சுற்றுவது வேறு, தண்ணீர் வருவது வேறு. இழுக்கிற மின்சாரத்தை அளந்து அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நல்லதம்பி படாத பாடு பட்டான். கண்டுபிடித்த பிறகு பொற்கொடியின் குரலையே பதிந்து பெட்டிக்குள் வைத்தோம்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். வருணராஜாவின் புது மாடல் பெட்டிகள் மட்டும் எங்களுக்குப் பிடிகொடுக்காமல் இருந்தன. சந்தா கட்டாத புது மாடல்களை அன்று மாலையோடு உறங்க வைக்கப் போவதாகக் கம்பெனி அறிவித்திருந்தது. பழையது பழுதாகிப் பொற்கொடி மாட்டியிருந்த பெட்டியும் புது மாடல்தான். கடலை பூத்து விழுது இறங்குகிற நேரம், இப்போது தண்ணீர் தவறினால் செடி மிஞ்சும், கடலை மிஞ்சாது. அந்த மாடலுக்கான உசுரும் இப்போது எங்களிடம் தயார். அவிழ்த்துவிட வேண்டியதுதான் பாக்கி.

மத்தியானம் இலுப்பூரில் என் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. காரா அது? தெருவில் பாதியை அடைத்துக்கொண்டது. இறங்கியவர் பெயர் ஆனந்தராஜ், வருணராஜாவின் அதிகாரி. கையில் ஒரு ஒப்பந்தத் தாள்.

“வணக்கங்க மேடம். கோயில்காளையோட ஓனர் நீங்கதானுங்களே?”

“எந்த ஊருப்பா நீங்க?”

“பூர்வீகம் புதுக்கோட்டைதாங்க. இப்ப கோயமுத்தூர்.”

“அதானே பாத்தேன். வாடிவாசல்ல மொதல்ல என்ன மாடு அவுப்பாக?”

அவர் விழித்தார். “கோயில் மாடுங்க.”

“அத யாராச்சும் புடிப்பாகளா?”

“புடிக்க மாட்டாங்க. சாமி மாடு. ஊருக்குப் பொது.”

“அதுக்கு ஓனர் யாரு?”

“மேடம், நான் ஃபர்ம்வேரப் பத்திப் பேச வந்தேன்.”

“நானும் அதத்தேன் பேசுறேன்.”

மனிதர் தாளைத் தள்ளி வைத்தார். கம்பெனி கோயில்காளையை வாங்கிக்கொள்ளுமாம், எனக்கு ஆலோசகர் பதவியாம், புதுக்கோட்டையில் ஏ.சி. அறையாம். நான் கையெழுத்துப் போட்டு, இன்றைய வெளியீட்டை நிறுத்தினால் போதுமாம்.

“போடலேன்னா?”

“நோட்டீஸ் வரும்ங்க. உங்க பேர்லதான் வரும். கோர்ட்டு, வக்கீலுன்னு இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்குங்க அலைச்சல்? பென்ஷன், வீடு எல்லாத்தையும் யோசிங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் வீடு என்றதும் நான் நிமிர்ந்து கூரையைப் பார்த்தது உண்மை. இதை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை. கட்டி முடிப்பதற்குள் என் தலைமுடி பாதி வெளுத்துப்போன வீடு அது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. புது உசுரை வெளியிட என் ஒருத்தி சொல் செல்லாது. மூன்று ஊரில் மூன்று பேர் சோதித்துப் பார்த்து ‘அவுத்துவிடு’ என்று சொல்ல வேண்டும். நான் கடைசியாகப் பொத்தானை அமுக்குகிற கை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கை பின்வாங்கினால் காளை தொழுவை விட்டு வராது. ஆனந்தராஜ் அதை விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

“தம்பி, செத்த இருங்க. டீ சாப்பிடுங்க. எங்க ஆளுகள்ட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கிர்றேன்” என்று குழுவுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். நோட்டீஸ் என் பேரில் வரும் என்பதையும்.

பெரியகருப்பன்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

“மேடம், அவங்க சட்டம் பேசட்டும். எழுதினது மொத்தமும் நம்ம எழுத்து, ஒவ்வொரு வரியும் எழுதினவருக்குச் சொந்தம். விக்கணும்னா எழுதின அத்தனை பேரும் கையெழுத்துப் போடணும். நான் போட மாட்டேன்.”

“நானும் போட மாட்டேன்க்கா” என்றான் நல்லதம்பி. “வேணும்னா அந்த சாரக் குவைத்துக்கு வரச் சொல்லுங்க. வெயில்ல நிறுத்திவச்சு நேர்லயே சொல்றேன்.”

“தம்பி, கையெழுத்து கெடக்கட்டும்” என்றேன். “நோட்டீஸ் எம்பேர்ல வருதாமே, அதுக்கு என்ன சொல்றீக?”

அப்போது பொற்கொடி வயக்காட்டிலிருந்து கத்தினாள். காற்று இரைச்சலுக்கு மேலே அவள் குரல் இலுப்பூருக்குப் போன் இல்லாமலே கேட்டிருக்கும்.

“அக்கா, அந்த ஆளு அங்கிட்டு இருக்காரா? ஏங்க சாரு, நோட்டீசுல எம்பேரையும் சேத்துக்கங்க. பொற்கொடி, வல்லத்திராக்கோட்டை. பெட்டிக்குள்ள பேசுறது என் தொண்டை. அத எப்புடி வாங்குவீக? அறுத்துக்கிட்டுப் போவீகளா?”

ஆனந்தராஜுக்குப் புரையேறி டீ மூக்கில் வந்தது.

“எம்பேரையும் போடுங்க. நல்லதம்பி, அறந்தாங்கி.”

“பெரியகருப்பன். முகவரி அனுப்புறேன். எழுத்துப்பிழை இல்லாம எழுதச் சொல்லுங்க.”

அதற்கப்புறம் நடந்ததை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இலுப்பூர் செல்போன் கடைக்காரர், காரைக்குடியில் படிக்கிற பெண், ஒரே ஒரு காற்புள்ளியைத் திருத்திவிட்டு இரண்டு வருடமாக வாயே திறக்காத ஒரு ஆள், எல்லாரும் பேரும் ஊருமாக வரத் தொடங்கினார்கள். போன் அதிர்ந்து அதிர்ந்து மேசையில் நடந்துபோய் ஆனந்தராஜின் டீ கிளாசில் முட்டி நின்றது. அவர் கொண்டுவந்த தாளில் பெயர் எழுத விட்டிருந்த கோடு ஒன்றே ஒன்று.

“தம்பி, பேனா வேணுமா?” என்று கேட்டேன். “பின்பக்கமும் எழுதிக்கலாம்.”

“மேடம், இது வெளையாட்டு இல்லீங்க.”

“வெளையாட்டுன்னு ஒங்ககிட்ட யாரு சொன்னது? அவ கடலைக்குத் தண்ணி வேணும்.” போனைப் பக்கத்தில் இழுத்தேன். “பொற்கொடி, பாத்துட்டியா?”

“பாத்துட்டேன்க்கா. அவுத்துவிடு!”

“நல்லதம்பி?” அவன் குவைத்து அறையில் மோட்டாருக்குப் பதில் ஒரு பல்பை மாட்டி வைத்திருந்தான். “எரியுதுக்கா. அவுத்துவிடு!”

பெரியகருப்பன் இன்னொரு தடவை முழுவதும் படித்தார். அவர் படித்து முடிப்பதற்குள் எனக்கு இன்னும் இரண்டு வயது கூடிற்று. பிறகு, வாழ்நாளில் கொச்சை பேசாத அந்த மனிதர் சொன்னார்: “அவுத்துவிடு!”

ஆனந்தராஜ் எழுந்து என் கையையே பார்த்தார். வீடு ஒருமுறை கண்ணுக்குள் வந்து போனது. போனால் போகட்டும், ஓடு எப்படியும் ஒழுகுகிறது. அமுக்கினேன்.

“நோட்டீஸ் வரும்ங்க” என்று சொல்லிக்கொண்டே அவர் தாளை மடித்தார். சொல்லி முடிப்பதற்குள், வல்லத்திராக்கோட்டையில் மும்முனை மின்சாரம் வந்தது. பொற்கொடி ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள். மோட்டாரைப் போட்டுவிட்டுப் பெட்டி பொற்கொடிக்கே போன் போட்டது. அவள் அதை ஒலிபெருக்கியில் வைத்து, எங்களோடு பேசிக்கொண்டிருந்த இன்னொரு போனருகே நீட்டினாள். அவள் குரலே அவளுக்குச் சொன்னது:

“தண்ணி வருது.”

பின்னாலேயே குழாய் கொட்டுகிற சத்தம். இலுப்பூரில் என் சேலை நனைந்தது.

நோட்டீஸ் இன்றுவரை வரவில்லை. அத்தனை பேருக்கும் கவர் ஒட்ட வருணராஜாவுக்கு எச்சில் பத்தவில்லை போலிருக்கிறது. தண்ணீர்தானே, கேட்டால் நாங்கள் கொடுப்போம்.