ஒரு அடி உயரம்

தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருந்தது அந்தப் பலகை. எதையும் பிடிக்காமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துவிட்டால் சாரத்தில் ஏற பாஸ் கிடைக்கும். எத்தனையோ பேரைத் தயவு தாட்சண்யம் பார்க்காமல் திருப்பி அனுப்பியவன்தான் அந்தக் கட்டடத்தின் பாதுகாப்பு அதிகாரி. “மேல ஆள் இருந்தா கீழ நிக்காதே” என்று நாள் முழுக்கக் கத்துவான். முதுகுக்குப் பின்னால் அவன் குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். இன்று பலகைமேல் நின்றது அவனுடைய அக்கா புருஷன்.

மாமா பாதி தூரம் ஒழுங்காகத்தான் வந்தார். காலமெல்லாம் சாரத்தில் திரிந்த கால். திடீரென்று கண் செருகி, பொத்தென்று மண்ணில் விழுந்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

“காலைல சாப்பிடல மாப்ள, அதான். இன்னொரு தடவ நடக்கறேன்.”

மறுபடியும் விழுந்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அவன் ஒதுங்கிப் போய் அக்காவுக்குப் போன் போட்டான்.

“அவருக்குத் தல சுத்தறது எனக்குத் தெரியாதாடா? செவுத்தப் புடிச்சிக்கிட்டுதான் வீட்டுக்குள்ளயே நடக்கறாரு. நீ வேணாம்னா சும்மா இருப்பாரா? எதிர்ல இருக்கற கட்டடத்துக்குப் போவாரு. அங்க பாஸும் கேக்க மாட்டான், பெல்ட்டும் குடுக்க மாட்டான். உன்கிட்ட இருந்தா இடுப்புல கயிறாவது இருக்கும். உன் கண்ணு முன்னாடியே இருக்கட்டும்டா, தம்பி.”

கயிறு இருக்கும்தான். ஆனால் கயிற்றின் கொக்கியைச் சாரத்தின் ஒரு குழாயிலிருந்து கழற்றி அடுத்ததில் மாட்டுகிற நேரத்தில் தலை சுற்றினால்? கீழே ஏதாவது வேலை கொடுக்கச் சொல்லி மேனேஜரிடம் கெஞ்சிப் பார்த்தான். ஆள் நிறைந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார்.

“முடியாது மாமா,” என்றான் திரும்பி வந்து. பாவி, அதைச் சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது என்றிருந்தது அவனுக்கு.

மாமா ஹெல்மெட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். “நீ உன் வேலையப் பாத்த. விடு.” கோபித்துக்கொண்டிருந்தாலாவது தேவலாம்.

மதியத்துக்குள் அக்கா சொன்னபடியே ஆயிற்று. சாலைக்கு அந்தப் பக்கம், மூங்கில் சாரத்தின் உச்சியில், அவன் வாங்கிக் கொடுத்த நீலச் சட்டை. ஒரு பெல்ட்டை எடுத்துக்கொண்டு விழுந்தடித்து ஓடினான். அங்கிருந்த மேஸ்திரி பெல்ட்டைத் தொடவே இல்லை. “உங்க அதிகாரமெல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் சார்.”

“மா...” என்று கூப்பிட வாயைத் திறந்தவன் சட்டென்று மூடிக்கொண்டான். கூப்பிட்டால் குனிந்து பார்ப்பார். குனிந்தால் சுற்றும்.

மேலே மாமா ஒரு கையால் மூங்கிலைப் பிடித்தபடி, மறு கையால் சாரம் கட்டும் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். அவன் அவருக்கு நேர் கீழே போய் நின்றான். பெல்ட் கையிலிருந்து நழுவி விழுந்ததுகூடத் தெரியவில்லை.

“யோவ், மேல ஆள் இருக்கு, தள்ளி நில்லு!” என்று யாரோ கத்தினார்கள்.

அவன் நகரவில்லை. கண்ணை மேலிருந்து எடுக்காமல், இரண்டு கைகளையும் ஏந்தினாற்போல் விரித்துக்கொண்டு நின்றான்.