இறங்கும்போது ஓடிய இதயம்

1.
இந்தக் கதை எனக்குக் கூரை வழியாக வந்தது. சிலி நாட்டுத் துறைமுக நகரமான வால்பரைசோவின் படிக்கட்டு மேட்டில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு மேல்தளத்தில் நோல்ஃபாவும் அவர் கணவர் ஓஸ்மானும் இருக்கிறார்கள். அவர்களுடைய சண்டை பலகை இடுக்கு வழியாக என் மேசைமேல் விழும். சமதரைக்குக் குடிபோகலாம் என்பார் ஓஸ்மான். பிணமாகத்தான் இறங்குவேன் என்பார் நோல்ஃபா.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மலையேற முடியாத பெண்ணின் நெஞ்சுக்குள் ஒரு கடல்...’

வேண்டாம். நெஞ்சுக்குள் இருந்தது பேஸ்மேக்கர்.

2.
நோல்ஃபா மீன் விற்பவர். காலையில் துறைமுகத்துக்கு இறங்குவார், மதியம் ஏறுவார். நடந்தாலும் படுத்தாலும் அவர் இதயத்துக்கு ஒரே நிதானம். வேகம் கூட்டத் தெரியாது. அதற்காகத்தான் கருவி வைத்தார்கள். உடம்பு அசைந்தால் அது உணர்ந்து துடிப்பைக் கூட்டும் என்றார் டாக்டர் இத்துர்ரா.

கூட்டவில்லை. ஏறும்போது பாதிப் படியிலேயே கண் இருட்டி உட்கார்ந்துவிடுவார். தெருநாய்கள் வந்து கூடையை முகரும். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். கருவி ஒழுங்காகத்தான் வேலைசெய்தது. மனப் பதற்றம் என்று மாத்திரை கொடுத்தார்கள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கியவர் ஓஸ்மான்.)

3.
‘ஓஸ்மான் இரக்கமில்லாத மனிதர், மனைவியின்...’

இந்த வாக்கியத்தையும் பாதியில் விட்டுவிட்டேன். ஒரு மதியம் அவர் சமையலறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், நோல்ஃபா வழக்கமாகத் துவண்டு உட்காரும் திருப்பத்தில் போட்டுக் காத்திருந்ததைப் பார்த்தேன். அன்று எதிர்ப்படி தெரியாத பனிமூட்டம்.

“என்ன கெழவா, இங்க என்ன பண்ற?”

“வெயில் காயறேன். உக்காரு.”

நோல்ஃபா உட்கார்ந்தார். மூச்சு அடங்கியதும் ஓஸ்மானின் கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

“இவ்ளோ ஏறி வந்திருக்கேன், இது பாட்டுக்குத் தூங்குது பாரு. காலைல இறங்கறப்ப மட்டும் குதிரை மாதிரி ஓடுது.”

“இறங்கறப்ப ஓடுதா? அத டாக்டர்கிட்ட சொன்னியா?”

“நல்லா ஓடறத எதுக்குக் குறை சொல்லணும்?”

ஓஸ்மான் மீன்கூடையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். பிறகு, “எந்திரி, நாளைக்கே போறோம்” என்றார்.

4.
மறுநாள் மீன் விற்ற கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்; கூடை தூக்க நானும் போனேன். இந்த முறை டாக்டர் தாழ்வாரத்தை விட்டுவிட்டு நோல்ஃபாவை மாடிப்படியில் ஏற்றி இறக்கினார். ஏறும்போது திரையில் துடிப்பின் எண் அசையவே இல்லை, இறங்கும்போது தாவியது. டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டார்.

“அம்மா, இது குலுக்கலத்தான் பாக்குது. இறங்கறப்ப தொம்தொம்னு குலுங்கறீங்க. ஏறறப்ப பூனை மாதிரி போறீங்க. நீங்க சும்மா நிக்கறதா நெனச்சுக்குது.”

அதே கருவிக்குள் மூச்சை உணரும் வசதியும் இருந்தது. அதுவரை அதை முடுக்கவில்லை. தோளுக்குக் கீழே தோலின்மேல், கருவியோடு பேசும் ஒரு தகட்டை வைத்து, குலுக்கலுக்குச் செவிசாய்ப்பதைக் குறைத்து, மூச்சுக்குச் செவிசாய்க்க வைத்தார்.

மறுபடி ஏறச் சொன்னார். இப்போது எண்ணும் கூடவே ஏறியது. நோல்ஃபா மேல்படியில் நின்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கன்னம் சூடாக இருந்ததாம்.

5.
முடிவுகள்.

[முதல் முடிவு: அன்று மாலை வீட்டுப் படியில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு... இல்லை. கதைக்குக் கனம் வேண்டுமென்று உயிரோடிருப்பவரைச் சாகடிக்க மாட்டேன்.]

[இரண்டாவது: குடிபோகும் பேச்சை ஓஸ்மான் விட்டுவிட்டார். இதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அவருக்கு முட்டிவலி.]

நடந்தது இதுதான். நோல்ஃபா எங்களுக்கு முன்னால் ஏறினார். வழக்கமான திருப்பத்தில் நிற்கவில்லை. வீடு வந்தது, அங்கேயும் நிற்கவில்லை.

“எங்கடி போற?” என்றார் ஓஸ்மான், கம்பியைப் பிடித்து இரைத்தபடி.

“மேல என்ன இருந்துச்சுன்னே மறந்துபோச்சு. பாத்துட்டு வரேன்.”

நாங்கள் இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டோம். ஓஸ்மான் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்றார், நானும் ஆமாம் என்றேன். உச்சியில் நோல்ஃபா என்ன பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவரை அவசரப்பட்டுக் கீழே இறக்கிவிட மட்டும் வேண்டாம்.