அன்னத்தின் சொண்டு

சரஸ்வதி பூசையன்று மத்தியானம் வரைக்கும் கிறேஸின் அன்னத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. அவளுடைய கண்ணுக்கு, அதாவது.

முல்லைத்தீவுக் கடற்கரையில் மாதா கோயிலடியில் வளர்ந்த வேதக்காரப் பிள்ளை அவள். வட்டக்கச்சியில் வயல் செய்யும் தயாபரனை விரும்பிக் கட்டி, சித்திரையில்தான் இந்த வீட்டுக்கு வந்திருந்தாள். மாமி கமலாசனி கலியாணத்துக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்தவளைத் துரத்தவும் இல்லை. சோறு போட்டார், சுகம் கேட்டார், அதற்கு மேல் ஓரடி எடுத்து வைக்கவில்லை. அந்த ஓரடிக்காகத்தான் கிறேஸ் இந்த வேலையில் இறங்கினாள்: நவராத்திரிக்குச் சாமி அறைச் சுவரில் தொங்கவிட, ஃபெல்ட் துணியில் ஒரு படம். கிளிநொச்சிக் கடையில் நிறம் நிறமாக வாங்கித் துண்டுதுண்டாக வெட்டி, நீலத் துணியில் வைத்து ஓரம் தைத்தாள். சரஸ்வதியின் முகத்தை வெட்டப் பயந்து, வீணையும் தாமரையும் அன்னமும் போதும் என்று விட்டாள். ஃபெல்ட் நல்ல பிள்ளை. வெட்டினால் நூல் பிரியாது, ஓரம் மடிக்கத் தேவையில்லை. மாமியும் அப்படி இருந்திருந்தால் எவ்வளவு சுகம்!

மாமி வந்து கழுத்தைச் சரித்துப் பார்த்தார்.

"இது என்ன பிள்ளை?"

"அன்னம், மாமி."

"ஓ. நான் கூழைக்கடாவோ எண்டு பாத்தன். இந்தச் சொண்டை வைச்சுக்கொண்டு இது நாள் முழுக்க மீன்தான் பிடிக்கும். பிறகு சரஸ்வதி ஆரிலை ஏறிப் போறது?"

தயாபரன் சிரித்த சிரிப்பில் குடித்த தேத்தண்ணி மூக்கால் வந்தது. கிறேஸுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. பாவம், அன்னத்தை அவள் எங்கே கண்டாள்? ஊரில் கடலோரக் களப்பில் கண்ட பறவைதான் கைக்கு வந்தது. மாமி மட்டும் அன்னத்தை எங்கே கண்டாராம்?

பின்னேரம் மாமி குளிக்கப் போனார். அயலவர்கள் பூசைக்கு வருவதற்குள் சொண்டைக் குறைத்துவிடலாம் என்று கிறேஸ் தையலைப் பிரித்தாள். கத்தரிக்கோலைக் காணவில்லை. தேடிப் போனால் அது சாமி அறையில், கும்பத்துக்கு முன்னால், தயாபரனின் ஸ்பானருக்கும் மாமியின் தேவாரப் புத்தகத்துக்கும் நடுவில் சந்தனப் பொட்டோடு படுத்திருந்தது. இதை யார் இங்கே கொண்டுவந்து போட்டது என்று நினைத்தபடி எடுத்து, அங்கேயே சப்பாணி கட்டி இருந்து வெட்டத் தொடங்கினாள்.

பூசைக்கு வைத்ததை விஜயதசமி விடியும் வரை ஒருவரும் தொடக் கூடாது. அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம் அது. கிறேஸுக்குத் தெரியாது. சொல்லியிருக்க வேண்டிய தயாபரன், வயலில் ஸ்பானர் இல்லாமல் தண்ணீர் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

பூசைக்கு முதல் ஆளாக வந்தவர் பக்கத்து வீட்டுப் பிரேமிளா. ஒரு செய்தி அவர் காதில் விழுந்தால் மற்றவர்கள் தொலைபேசி எடுக்கத் தேவையில்லை. அவருக்குப் பின்னால் ஈரத் தலையோடு மாமி வந்து நின்றார்.

"ஐயோ கமலாக்கா! பூசைக்கு வைச்ச கத்தரிக்கோலையெல்லோ உங்கடை மருமகள் எடுத்து வெட்டுறா!"

கிறேஸின் கை அப்படியே நின்றது. வெட்டிய சொண்டு மடியில் கிடந்தது. எல்லாம் போச்சு என்று அவளுக்கு விளங்கியது, ஏன் என்றுதான் விளங்கவில்லை. மாமியின் முகத்தைப் பார்க்கப் பயந்து பயந்து பார்த்தாள்.

மாமி கும்பத்தைப் பார்த்தார். பிறகு பிரேமிளாவைப் பார்த்தார்.

"நான்தான் எடுத்துக் குடுத்தனான்," என்றார். "அம்மாளாச்சியின்ரை அன்னத்துக்குத்தானே வெட்டுறது. அவவைக் கேட்டுப்போட்டுத்தான் குடுத்தனான். நீர் இரும், பிரேமிளா."

பிரேமிளா பாயை விரித்துப்போட்டு இருந்தார்.

குசினியில் அவல் பிசைந்தபடி மாமி அந்த வழக்கத்தை மெதுவாகச் சொன்னார். கிறேஸுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எனக்காகவோ மாமி பொய் சொன்னனீங்கள்? அதுகும் இண்டைக்கு?"

"ஓம். தலைமுழுகிப்போட்டு வந்து, சாமிக்கு முன்னாலை நிண்டு." மாமி அவல் கிண்ணத்தை அவள் கையில் வைத்தார். "உங்கடை கோயிலிலை செய்த பாவத்தைச் சாமியாரிட்டைச் சொல்லுற பாவசங்கீர்த்தனம் எண்டு ஒண்டு இருக்காமே? ஞாயிற்றுக்கிழமை போகேக்கை என்ரை பொய்யையும் சேத்துச் சொல்லிவிடும். நானும் கூட வாறன். தனிய விட்டால் நீர் குறைச்சுச் சொல்லிப்போடுவீர்."