அடுப்பு எரியாத சனிக்கிழமை

காரை விற்ற அன்று பலிக்கோவா சாப்பிடவில்லை. வாங்கியவன் வாசலில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனதை ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

விற்கலாம் என்று முதலில் சொன்னவள் அவன் மனைவி நமுகோசே. ஜிஞ்சா நகரத்தில் வாலுகுபா குடியிருப்பில் அவர்கள் வீடு. அவன் பாடம் நடத்தும் தொழிற்பள்ளிக்கு அங்கிருந்து நடந்தால் இருபத்தைந்து நிமிஷம். அந்த இருபத்தைந்து நிமிஷத்துக்காக ஒரு கிழட்டுக் காருக்குப் பெட்ரோல் ஊற்றினார்கள், மாதம் தவறாமல் மெக்கானிக்குக்கும் படியளந்தார்கள். போதாததற்குச் சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணம், சாவு, பிரசவம் எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான் ஓடியது. ஒரு மாதக் கடைசியில் பால் வாங்கவும் வழியில்லாமல் போனபோது நமுகோசே வாய் திறந்தாள்.

"நம்ம வீட்ல நாலு பேருங்க. நீங்க, நான், ககோயா, அப்புறம் அந்த வண்டி. அது ஒண்ணுதான் வயிறாரச் சாப்பிடுது."

பலிக்கோவா பத்து நாள் முறைத்துவிட்டுச் சம்மதித்தான்.

செலவைக் குறைப்பது என்றால் வாயைக் கட்டுவது என்று நமுகோசே நினைக்கவில்லை. அவளுடைய அப்பா சர்க்கரை டப்பாவைப் பூட்டி வைத்தவர். விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகுதான் சாவியைத் தேடுவார். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்குக் கஞ்சத்தனம் என்றாலே குமட்டும். அதனால் முதல் வேலையாகப் புருஷனையும் பதினோரு வயது மகளையும் உட்கார வைத்துக் கேட்டாள்.

"எதை விடலாம்னு நான் கேக்கல. எது இல்லாம முடியாதுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க. அதுல நான் கை வைக்க மாட்டேன்."

ககோயா யோசிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சப்பாத்தி என்றாள். பலிக்கோவா இஞ்சி தட்டிப் போட்ட பால் தேநீர் என்றான். நமுகோசே தனக்கென்று ஒரு வாசனைச் சோப்பைச் சொன்னாள். மற்றதெல்லாம் மாறியது. பக்கத்து இரண்டு வீடுகளோடு சேர்ந்து கரியை மூட்டையாக வாங்கிப் பங்கு போட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த துண்டு நிலத்தில் சர்க்கரைவள்ளிக் கொடி படர்ந்தது. வாரம் ஒரு நாள் விடிகாலையில் மூவரும் மசேசே ஏரிக்கரைக்கு நடந்துபோய்ப் படகிலிருந்தே மீன் வாங்கினார்கள். வழியெல்லாம் ககோயா பேசிக்கொண்டே வருவாள். இவ்வளவு பேசுகிற பெண் என்று காரில் போனபோது அவர்களுக்குத் தெரிந்ததே இல்லை.

மூன்று மாதத்தில் அலமாரியில் நிலக்கடலையும் பீன்ஸும் மாதக் கடைசி வரைக்கும் இருந்தன. பலிக்கோவாவுக்கு இரவில் நல்ல தூக்கம் வந்தது. வெட்கம் மட்டும் போகவில்லை. பெரிய சாலையை விட்டுச் சந்து சந்தாகப் பள்ளிக்குப் போனான்.

அப்படியும் ஒரு நாள் மாட்டிக்கொண்டான். கொட்டுகிற மழையில் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஓடியபோது எதிரே வந்தவள் அவனுடைய அக்கா நைகாகா. கமுலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து துணி வாங்க வந்திருந்தாள்.

"என்னடா தம்பி, வண்டி எங்க?"

"கராஜ்ல இருக்குக்கா."

அடுத்த மாதம் கேட்டபோதும் வண்டி கராஜில்தான் இருந்தது. அதற்கடுத்த மாதமும்.

ஒரு சனிக்கிழமை மதியம் வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டு நமுகோசே எட்டிப் பார்த்தாள். நைகாகா ஒரு கையில் கோழியோடு நின்றாள். பின்னால் பலிக்கோவாவின் பெரியப்பா கிசம்பீரா, சாவு வீட்டுக்குப் போடும் கறுப்புக் கோட்டில். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மூட்டைக் கிழங்கு. நமுகோசே மண்டியிட்டு வணங்கினாள். வழக்கமாக இந்த வணக்கத்துக்கு வீடு, பிள்ளை, மாடு, மழை என்று வரிசையாக விசாரிப்பு வரும். அன்று பெரியப்பா அவள் தலையில் கை வைத்து, "தைரியமா இரு தாயி" என்றார்.

பலிக்கோவா அவர்களை உட்கார வைத்தான். நைகாகா தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்கட்டுச் சமையலறைக்குப் போனாள். மறு நிமிஷம் அங்கிருந்து ஒரு ஓலம்.

"ஐயோ தம்பி! பகல் பன்னெண்டரை ஆச்சு, அடுப்புல பூனை தூங்குதேடா! சாம்பல் ஜில்லுனு கிடக்கே! பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு எத்தன நாளா இப்படிப் பட்டினி கிடக்கறீங்க?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"வேலை போறது ஆம்பளைக்கு வர்றதுதான். அதை மறைக்கறதுதான் தப்பு. குலம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? பேசி முடிச்சுட்டுத்தான் வந்திருக்கோம். நீ தலை நிமிர்ற வரைக்கும் புள்ள எங்ககூட இருக்கட்டும். அங்க கிழங்குக்கும் சோளத்துக்கும் பஞ்சமில்ல. ககோயா, துணிமணி எடுத்து வைம்மா."

ககோயா அம்மாவின் கையை இறுகப் பிடித்தாள். நமுகோசேவுக்கு வாய் வரைக்கும் பதில் வந்துவிட்டது. ஆனால் பொய் சொன்னது அவளில்லை. புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் பார்வை தரையை விட்டு எழவில்லை; காது மடல்வரை வியர்த்திருந்தது.

"பெரியப்பா, எனக்கு வேலை போகல" என்றான் கடைசியில். "வண்டி கராஜ்லயும் இல்ல. வித்துட்டோம். சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அதான் அக்காகிட்ட பொய் சொன்னேன்."

"அப்ப அடுப்பு?" என்றாள் நைகாகா.

நமுகோசே படுக்கையறைக்குப் போய், மூலையிலிருந்த பெரிய கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே வாழைச்சருகு, அதன்மேல் பழைய கம்பளி, நடுவே மூடிய பானை. காலையில் நன்றாகக் கொதிக்க வைத்து, இறக்கிய சூட்டோடு கூடைக்குள் பொதிந்துவிட்டால் போதும். கரி இல்லாமலே உச்சிப்பொழுதுக்குள் வெந்துவிடும். மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. மேலே இலையில் சுருட்டிய வாழைக்காய் மசியல், கீழே நிலக்கடலை விழுதில் குழைந்த பீன்ஸ். கோழி அன்று உயிர் பிழைத்தது.

பெரியப்பா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். "பட்டினி கிடக்கற வீட்ல இப்படிச் சாப்பாடுன்னா நான் இங்கயே கிடக்கறேன்" என்று சொல்லி அவரே சிரித்தார்.

நைகாகா சிரிக்கவில்லை. தட்டைப் பாதியில் வைத்துவிட்டாள்.

"அடுத்த மாசம் என் பொண்ணு கல்யாணம். அவ மாமன் கார்ல சர்ச்சுக்குப் போவாள்னு ஊர் முழுக்கச் சொல்லி வச்சிருக்கேன். ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"அது எங்க வண்டி, அண்ணி" என்றாள் நமுகோசே.

"பெட்ரோல் உங்களது. இல்லேங்கல. ஆனா அது வந்து நின்னாதான் எங்க வாசலுக்கு மதிப்பு."

 அந்த வண்டியில் எத்தனை பேர் ஓசியில் போய்வந்தார்கள் என்று நமுகோசே எண்ணியிருக்கிறாள். எத்தனை பேர் அதை வைத்துத் தலைநிமிர்ந்து நடந்தார்கள் என்று யோசித்ததே இல்லை. சொல்லிவிட்டு விற்றிருக்கலாம். நாத்தனாரின் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். நைகாகா தடுக்கவில்லை, சாப்பிடவும் இல்லை.

"கல்யாணத்துக்கு மினிபஸ் பிடிப்போம்க்கா" என்றான் பலிக்கோவா. "வாடகையில பாதி எங்களோடது."

நைகாகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்ததும் அவர்களை வழியனுப்பப் பலிக்கோவா கிளம்பினான். சந்துக்குள் நுழையாமல் பெரிய சாலை வழியாகவே கூட்டிக்கொண்டு போனான். பெரியப்பா கைத்தடியை ஊன்றி முன்னால் போக, அக்காவும் தம்பியும் பின்னால் நடந்தார்கள். வாசலில் நின்ற நமுகோசேவுக்கு அவர்கள் பேசுகிறார்களா என்று தெரியவில்லை.

திரும்பி வந்தவன் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒண்ணும் சொல்லல. ஏறும்போது என் வயித்துல ஒரு குத்து விட்டு, தொப்பை போயிடுச்சேடான்னுச்சு."

"மினிபஸ்?"

"ரிப்பன் சிவப்புல கட்டணுமாம். ஜன்னலுக்கு ஜன்னல்."

நமுகோசேவுக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவு ரிப்பன் வேண்டியிருக்கும் என்று இருவரும் ஜன்னல்களை எண்ணத் தொடங்கினார்கள்.