வியாழக்கிழமை மீன்பிடி

வெள்ளைச் சட்டையின் ஒரு கை ஏறிவிட்டது. இன்னொரு கையை ஏற்ற அப்பாவின் உடலைக் கொஞ்சம் புரட்டியாக வேண்டும். ஃப்யூனரல் ஹோமின் பணியாளர் தோளைப் பிடித்துத் தன் பக்கம் சாய்த்துக்கொள்ள, விச்சேகா மறுபக்கம் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அப்பாவின் முதுகில் கோடுகள். முதுகெலும்பின் இரு புறமும், விலா எலும்புகளை ஒட்டி, சீப்பால் வாரியது போலக் கருஞ்சிவப்புக் கோடுகள். பணியாளரின் முகம் மாறியது. யாரோ அடித்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். "பயப்படாதீங்க, இது எங்க வைத்தியம். தைலம் தடவி, காசு விளிம்பால தேய்ச்சா இப்படிச் செவக்கும்" என்று விச்சேகா ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் தலையாட்டினார். சட்டை ஏறியது.

அமெரிக்காவின் லோவெல் நகரில் இருக்கும் கம்போடியர் வீடுகளில் தலைவலிக்கும் மயக்கத்துக்கும் இப்படிக் காசால் தேய்த்துக் காற்று எடுப்பது வழக்கம்தான். ஆனால் அப்பா முதுகைத் தொட விடமாட்டார். உணவகத்தில்கூடச் சுவரோரம் பார்த்துத்தான் உட்காருவார். சின்ன வயதில் விளையாட்டாக முதுகில் தாவிய விச்சேகாவை உதறித் தள்ளிவிட்டு, கழிவறைக்குள் போய் வெகுநேரம் வராமல் இருந்தவர்.

"அண்ணி, நீங்களா காத்து எடுத்தீங்க?" என்று சொக்கிம் அத்தை கேட்டாள். அப்பாவின் தங்கை.

அம்மா மூலை நாற்காலியில், அப்பாவுக்குப் போடவேண்டிய காலுறைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னை எங்க தொட விட்டாரு" என்றாள்.

"பின்ன யாரு?"

அம்மா காலுறைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டினாள்.

"வியாழக்கிழமையானா மீன் பிடிக்கப் போறேன்னு போவாரே அண்ணன். என்னைக்காவது ஒரு மீன் வந்துச்சா வீட்டுக்கு?"

"ஆத்துல மீன் இல்லைம்பாரு."

"அந்த ஆத்துலயா இல்ல?" அத்தை உதட்டைச் சுழித்தாள். "எவளோ ஒருத்தி வீட்டுல உக்காந்து முதுகைக் காட்டிட்டு வந்திருக்காரு. இந்த வயசுல!"

"அத்தை, வாயை மூடுங்க" என்றாள் விச்சேகா. அவளுக்குக் கோபத்தைவிட வியப்புதான் அதிகமாக இருந்தது. அப்பாவின் பின்னால் போய் நிற்க ஒருவரால் முடிந்திருக்கிறது. யார் அது?

மறுநாள் காலை பிக்குகள் ஓதத் தொடங்கிய நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வெள்ளை உடுத்திய கிழவர்களும் கிழவிகளுமாக ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒருவரை ஒருவர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் இறங்கிய நடுவயதுப் பெண், மாலைக்கூடையை எடுத்துக்கொண்டு வேனின் கதவை மூடினாள். கதவில் எழுதியிருந்ததை அத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். மனநலம் என்ற சொல் வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"ஐயோ, பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கற இடமில்ல இது? கோயில் ஆளுங்க எல்லாம் வந்திருக்காங்க. விச்சேகா, அவங்களை வாசலோட அனுப்பிடு. என் அண்ணனுக்கு என்ன கேடு? உழைச்சாரு, சாப்பிட்டாரு, தூங்கினாரு."

"தூங்கினாரா?" என்று விச்சேகா கேட்டாள்.

அப்பா விடியும்வரை கூடத்தில் நடந்துகொண்டிருந்தது அத்தைக்கும் தெரியும்.

விச்சேகா வாசலுக்குப் போய்க் கைகூப்பி அவர்களை உள்ளே அழைத்தாள். கோயில்காரர்கள் சிலர் நகர்ந்து இடம் விட்டார்கள். சிலர் நகரவில்லை. ஒரு கிழவர் பெட்டியருகே போய் அப்பாவின் முகத்தைப் பார்த்து, "என்னய்யா வான்னாக், இந்த வாரம் உன் முறையாச்சே, கதை சொல்லாம படுத்துட்ட" என்றார். பக்கத்தில் நின்ற கிழவி தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று விச்சேகாவுக்குப் புரியவில்லை. அப்பா கதை சொல்வாரா?

ஊதுபத்தி ஏற்றிவிட்டு வந்த நடுவயதுப் பெண்ணை அவள் தனியே பிடித்தாள். பெயர் மாலியா. வேனில் வந்தவர்களின் மனநல மையத்தில் ஆலோசகர். அவளும் கம்போடியப் பெண்தான்.

"எங்க அப்பா உங்ககிட்ட வந்தாரா? நான் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். மனசு சரியில்லையா, வாழ்க்கையில பிடிப்பு இல்லையான்னு வரிசையா கேட்டாங்க. எல்லாத்துக்கும் இல்லைன்னுட்டாரு. நல்லாத்தான் இருக்காருன்னு அனுப்பிட்டாங்க."

"நம்மாளுங்க யாரு ஆமான்னு சொல்லுவா?" என்றாள் மாலியா. "நான் அதைக் கேட்கலை. சோறு எறங்குதா, ராத்திரி நெஞ்சு மேல ஏதாவது வந்து அமுக்குதா, காத்து எங்கிருந்து எங்க ஏறுதுன்னு கேட்டேன். கழுத்தைத் தொட்டுக் காட்டினாரு. அப்புறம் நிறுத்தாம பேசினாரு."

"என்ன பேசினாரு?"

"அது அவரோடது. என் வாயிலேருந்து வராதும்மா."

"மீன் பிடிக்கப் போறேன்னு வீட்டுல பொய் சொல்லிட்டு..."

"தெரியும். தூண்டிலை எங்க ஆபீஸ் மூலையிலதான் சாத்தி வெப்பாரு." மாலியா லேசாகச் சிரித்தாள். "தோட்டத்துல எலுமிச்சைப்புல் நடுவோம், சமைப்போம். மாசம் ஒரு தடவை பிக்கு வந்து தண்ணி தெளிப்பாரு. யாருக்காவது காத்து ஏறிட்டா இன்னொருத்தர் எடுத்து விடுவாரு. பேசணும்னு தோணினா பேசுவாங்க. தோணலைன்னா புல் பிடுங்குவாங்க."

தகனம் முடிந்தது. பிற்பகலில் அரிசிக் கஞ்சியும் கருவாடும் சாப்பிட எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். கோயில்காரர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். மையத்துக்காரர்கள் தங்கிவிட்டார்கள். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, பச்சை மாங்காயை நறுக்கி உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். விச்சேகா அடுக்களையில் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் பாயின் ஒரு பாதி தெரியும்.

அம்மா போய்ப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். காலையில் அப்பாவோடு பேசிய கிழவரை நேராகப் பார்த்தாள்.

"முதுகுல காத்து எடுத்தது நீங்கதானா?"

"நான்தான் தங்கச்சி. சாரித்னு பேரு."

"என்னை நாப்பது வருஷமா விடலை. உங்களை எப்படி விட்டாரு?"

அடுக்களையில் அத்தை கஞ்சிப் பானையைக் கிளறுவதை நிறுத்தினாள்.

"எங்க விட்டாரு? எத்தனையோ மாசம் நெஞ்சுல மட்டும்தான். எதிர்ல உக்காந்து தேய்ப்பேன். அப்புறம் தோளு. போன வாரந்தான் முதுகு. பின்னால வர்றேன், பின்னால வர்றேன்னு பாட்டு மாதிரி சொல்லிட்டே போனேன். நடுங்கினாரு. ஆனா எந்திரிக்கலை." சாரித் மாங்காய்த் துண்டை உப்பில் உருட்டிக்கொண்டே இருந்தார், தின்னவில்லை. "எடுத்து முடிச்சதும் சொன்னாரு, இனிமே வீட்டுல அவளை எடுக்கச் சொல்லிப் பாக்கணும்னு."

அம்மா தலை குனிந்துகொண்டாள்.

மாலியா அம்மாவின் பக்கம் ஒரு கோப்பைத் தேநீரை நகர்த்தி வைத்துவிட்டுத் தானும் மாங்காய் நறுக்கத் தொடங்கினாள். வேறு யாரும் அம்மாவை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவளுக்கு அது வசதியாக இருந்திருக்க வேண்டும்.

"அந்த முதுகுல என்ன இருந்துச்சுன்னு சொன்னாரா உங்ககிட்ட?" என்று அம்மா சாரித்தைக் கேட்டாள்.

"புள்ளை இருந்துச்சுன்னு சொன்னாரு."

விச்சேகாவின் கையிலிருந்த கிண்ணம் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. தான் ஒற்றைப் பிள்ளை என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துண்டு போட்டு அவர் முதுகுல கட்டினதே நான்தான்" என்று அம்மா சொன்னாள். மெதுவாக, ஆனால் தடுமாறாமல். "அங்க, நம்ம நாட்டுல, கறுப்புச் சட்டைக்காரங்க ஊரையே வரிசையா நடத்திட்டுப் போறாங்க. துப்பாக்கி வெச்சிருக்காங்க. நான் அவருக்குப் பின்னால. புள்ளைக்கு ரெண்டு நாளா காய்ச்சல். சாயங்காலம் அவுத்தப்பதான் உசுரு இல்லைன்னு அவருக்குத் தெரிஞ்சுது. எனக்கு மத்தியானமே தெரியும். தலை ஒரு பக்கமா சாஞ்சு, ஆடுறதே வேற மாதிரி ஆச்சு. சொன்னா நின்னுடுவாரு. நின்னா அவரையும் சுட்டுடுவாங்க. அதனால சொல்லலை. அந்த முதுகைப் பாத்துக்கிட்டே நடந்தேன்."

"அவருக்கு அது தெரியுமா தங்கச்சி?"

"சொன்னதே இல்ல. கேட்டதும் இல்ல."

கூடத்தில் யாரும் அழவில்லை. ஒரு கிழவி நகர்ந்து வந்து அம்மாவின் முழங்கால் தன் முழங்காலில் படும்படி உட்கார்ந்துகொண்டாள்.

"அத்தனை பேசினாரு" என்றார் சாரித். "பேரு மட்டும் சொல்லவே மாட்டேன்னுட்டாரு. நாங்களும் கேட்கலை. என்ன பேரு வெச்சிருந்தீங்க?"

அம்மா தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

அடுக்களையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. விச்சேகா ஈரக் கையை நீட்டி அதை மூடினாள்.