நாற்பத்தோராவது கிலோமீட்டரில் இறங்கவும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களின் வருடாந்திரச் சந்திப்பைப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கடற்கரை நகரம்தான் கட்டி ஆண்டது. இந்த ஆண்டு அதைத் தன் சின்ன ஊரான பாசோ சௌசேவுக்கு இழுத்து வந்தே தீருவதென்று நெலிதா ஒற்றைக்காலில் நின்றாள். பாதையை அளந்து, ஆற்றங்கரையில் இறைச்சி சுட ஆள் பிடித்து, எல்லாம் முடிந்த நேரத்தில் முளைத்தது அந்த வேகத்தடை.

ஊருக்குள் நுழைய இருப்பதே ஒரு சாலை. அதில் பேக்கரி வாசலில் நகராட்சிக்காரர்கள் அதைத் தாராள மனதோடு உயரமாகப் போட்டிருந்தார்கள். தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் கார்களுக்கு அது மலை.

"என் வண்டி வயிறு கிழியணுமா, நெலிதா?" என்றார் சங்கத் தலைவர் புருசோனே. "பேசாம கடற்கரைக்கே போயிடலாம். வியாழக்கிழமை கமிட்டியில முடிச்சிடுவோம்."

புதன்கிழமை காலை நெலிதா தன் சிவப்பு வண்டியில் சோதித்துப் பார்த்தாள். பக்கத்தில் நாத்தனார் மிர்த்தா. பதினைந்து வருடமாக வழித்தாளைப் பார்த்து வழி சொல்பவள். நேராக ஏறினால் கர்ரென்று உரசியது. சாய்த்து ஏற்றினாலும் உரசியது. நெலிதாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மிர்த்தா நகராட்சியைத் திட்டியபடி கீறலைப் பார்க்க இறங்கினாள். நெலிதா வண்டியைப் பின்னால் எடுத்து, மறுபடி ஏற்றினாள். சத்தமே இல்லை.

"ஏய், உரசலடி!"

"அப்போ நான்தான் பாரமா? பதினஞ்சு வருஷமா வழி சொன்னதுக்கு நல்ல மரியாதை!"

வியாழக்கிழமை கமிட்டியில் நெலிதா வழித்தாளில் புதிய வரியை வாசித்தாள்: "நாற்பத்தோராவது கிலோமீட்டர். பக்கத்து இருக்கைக்காரர் இறங்கவும். நாற்பது அடி நடக்கவும்."

புருசோனே விழுந்து விழுந்து சிரித்தார். "விருந்தாளிங்கள நடக்க விடுவியா?"

"பேக்கரி வாசல்லதானே, தலைவரே. சூடா பன் கையில குடுப்பாங்க."

"சரி. ஆனா ஒரே ஒரு வண்டி உரசினாலும் அடுத்த வருஷம் கடற்கரைதான்."

"உரசலேன்னா?"

"இங்கேயே நடத்திக்கோ, போ."

சனிக்கிழமை ஊரே பேக்கரி வாசலில் திரண்டது. வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன; ஆட்கள் இறங்கி, பன்னைக் கடித்தபடி நடந்தார்கள்; ஜனங்கள் கைதட்டினார்கள். முப்பத்தைந்து வண்டிகள் உரசாமல் கடந்தன. கடைசி வண்டி புருசோனேயுடையது. எல்லாவற்றிலும் தாழ்வானது, ஓட்டுபவரோ எல்லோரிலும் கனமானவர். அவருடைய மருமகன் இறங்கியும் வண்டி ஒரு விரல்கூட எழும்பவில்லை.

நெலிதா கையை நீட்டி மறித்தாள். "தலைவரே, நீங்களும் இறங்கணும்."

"நானா? அப்புறம் யாரு ஓட்டறது?"

"வயித்த மட்டும் கழட்டி வச்சிட்டு ஓட்டுங்களேன்," என்றாள் மிர்த்தா. தெரு முழுக்கச் சிரிப்பு.

சொந்த மனைவியிடமே சாவி கொடுக்காத மனிதர். தடையைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார், முனகிக்கொண்டே இறங்கினார். நெலிதா ஏறி உட்கார்ந்தாள். பேச்சு அடங்கியது, எல்லோரும் அந்த ஒரு சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரமும் ஏறி இறங்கியது. சத்தம் வரவில்லை. பாசோ சௌசே மொத்தமும் ஓவென்று கத்தியது. நெலிதா ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதாள், சிரித்தாள், ஹாரனை விடாமல் அமுக்கினாள்.

பின்னாலேயே புருசோனே நடந்து வந்தார். பேக்கரிக்காரி அவர் கையில் இரண்டு பன்னைத் திணித்தாள்.

"அடுத்த வருஷம் எங்கே, தலைவரே?" என்று கத்தினாள் நெலிதா.

அவர் வாய் நிறைய பன். பதில் சொல்ல முடியாமல், காலடியில் இருந்த தரையை விரலால் காட்டினார்.