கையை விட்டால் நிற்கும்

அத்தான் மரத்திலிருந்து விழுந்து இருபது நாளாகியும் அக்கா என்னோடு பேசவில்லை. எப்படிப் பேசுவாள்? பத்து வருஷமாக அவர் போட்டுவந்த பழைய முடிச்சை விடச் சொல்லி, "இதுல சுலபமா இறங்கலாம் அத்தான்" என்று நச்சரித்துப் புது முடிச்சைத் தலையில் கட்டியவன் நான்தான். ஆஸ்பத்திரி வாசலில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"உன் முடிச்சுதான்டா அவரைக் கொன்னுடுச்சு."

மரம் வெட்டும் எங்கள் தொழிலில் பெரிய கயிறு மரத்திலிருந்து தொங்கும். அதன் மேல் சின்னக் கயிற்றைச் சுற்றி முடிந்து இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்வோம். பாரம் விழுந்தால் முடிச்சு இறுகிப் பிடிக்கும். மேலே கை வைத்து அழுத்தினால் வழுக்கி இறங்கும். அவ்வளவுதான் விஷயம். இதை அக்காவுக்கு எத்தனை தடவை விளக்கினாலும் ஏறாது. தினமும் காலையில் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "கெட்டியா பிடிச்சுக்கோங்க" என்பாள். "நான் எங்கடி பிடிக்கிறேன், அதுதான் என்னைப் பிடிச்சிருக்கு" என்று அத்தான் சிரிப்பார்.

அன்று நான் மரத்துக்கு அந்தப் பக்கம் வெட்டிய கிளைகளை இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் கால் வைத்திருந்த கிளை முறியும் சத்தம் கேட்டது. ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கயிறு அறுந்துபோகவில்லை, முடிச்சும் அவிழவில்லை. பிறகு எப்படித்தான் விழுந்தார்? இது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் லாரி ஓட்டுநரை ஷெட்டுக்கு இழுத்துப் போனேன். எப்போதும் உறுமியே பேசுவதால் அவருக்கு டீசல் என்று பெயர். உத்தரத்தில் பெரிய கயிற்றைக் கட்டி, தராசை மாட்டி, சங்கிலிக் கப்பியால் ஒவ்வொரு முடிச்சாக இழுத்தோம். அத்தானின் பழைய முடிச்சு இருநூற்று எண்பது கிலோவில் நழுவ ஆரம்பித்தது. எல்லோரும் போடுகிற சாதாரண முடிச்சு நானூறு தாங்கியது. நான் கொடுத்தது முந்நூற்று ஐம்பது. அத்தான் எழுபது கிலோகூட இல்லை.

எழுபது கிலோ மணல் மூட்டையைக் கட்டித் திடீரென்று விட்டோம். மூன்று முடிச்சும் ஒரு சாணுக்குள் பிடித்துக்கொண்டன.

"விழுந்தப்போ அவர் உள்ளங்கை வெந்திருந்துச்சே, அது எப்படி?" என்றார் டீசல்.

தோல் கையுறையை மாட்டி முடிச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். டீசல் மூட்டையை விட்டார். கையையும் இழுத்துக்கொண்டு மூட்டை தரையில் போய்த் தொப்பென்று விழுந்தது. மூன்று முடிச்சிலும் அதே கதைதான். முடிச்சைக் கையால் பிடித்திருக்கும்வரை அது இறுகாது. பாவி மனுஷன், பயத்தில் கையில் கிடைத்த முடிச்சைப் பற்றியிருக்கிறார். விட்டிருந்தால் நின்றிருப்பார்.

"உன் மேல தப்பே இல்லப்பா. போய் அக்காகிட்ட சொல்லு" என்றார் டீசல். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்ததும் நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனேன். வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள். அவள் கையில் அத்தானின் தண்ணீர் பாட்டில் இருந்தது, கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அவர் உள்ளங்கை ஏன்டா அப்படி வெந்திருந்துச்சு?"

பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாட்டிலைப் பார்த்தேன். தினமும் அதை நீட்டி அவள் சொல்வது நினைவுக்கு வந்தது.

"கயிறு உரசிடுச்சுக்கா. முடிச்சு நழுவிடுச்சு. நான் குடுத்தது சரியில்லக்கா."

"அதான் எனக்குத் தெரியுமே." அவள் அழவில்லை. "அவர் கடைசிவரைக்கும் விடாம பிடிச்சுக்கிட்டுதான இருந்திருக்காரு?"

"ஆமாக்கா."

தலையை ஆட்டிக்கொண்டாள். நான் படி இறங்கும்போது பின்னாலிருந்து கேட்டாள்.

"நாளைக்கு மரம் ஏறுறியா?"

"ஏறணும்க்கா."

"நீயாவது கெட்டியா பிடிச்சுக்கோ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.